ஒட்டடைக் குச்சியும் ஒரு சாம்பியனும்

என் மச்சினியை வீட்டில் எல்லோரும் சாம்பியன் என்றுதான் கூப்பிடுவோம். கிண்டலாக ஆரம்பித்தது, பிறகு நிஜமாகிவிட்டது. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பகலில் ஓர் ஆஸ்பத்திரியில் டெலிபோன் எடுத்து, டாக்டர்களுக்கு வரவேண்டிய வசவுகளை எல்லாம் தான் வாங்கிக்கொள்ளும் வேலை. அதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும் நீச்சல். இருபது வருஷமாக இதே கூத்துதான். எங்கள் வீட்டுக் கொடியில் துண்டு காய்ந்து நான் பார்த்ததில்லை.

பார்வையில்லாதவர்களின் நீச்சலில் ஓர் ஏற்பாடு உண்டு. சுவர் நெருங்குவது அவர்களுக்குத் தெரியாது அல்லவா? அதனால் கரையில் ஒருவர் நீளமான குச்சியோடு நின்று, சரியான சமயத்தில் தலையிலோ முதுகிலோ லேசாகத் தட்டவேண்டும். தட்டியதும் கையை நீட்டினால் சுவர். சாம்பியனுக்குத் தட்டுவது என் மனைவி, அவளுடைய அக்கா. குச்சியும் அக்கா தயாரிப்புதான்: ஒட்டடை அடிக்கிற கம்பு, நுனியில் ஸ்பாஞ்சு உருண்டை. பஸ்ஸில் அதைச் சுமந்து போவது என் உத்தியோகம்.

"எந்த வீட்டுக்கு ஒட்டடை அடிக்கப் போறீங்க?" என்று கண்டக்டர் கேட்பார்.

"உங்க பஸ்ஸுக்குத்தான். மேல பாருங்க, எவ்வளவு தொங்குது!" என்பேன்.

என் மனைவி தையல்காரி. நாளெல்லாம் மெஷினில் குனிந்தே தோள்பட்டை போய்விட்டது. குச்சியை நீட்டும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வாள். சாம்பியனுக்கும் முப்பத்தெட்டு ஆகிறது. தண்ணீரிலிருந்து ஏறினால் பெஞ்சில் துவண்டு கிடப்பாள். "போதும்டி, விட்டுரலாம்" என்று அக்கா சொல்லவில்லை, தங்கையும் கேட்கவில்லை. எனக்கு அலுத்துப்போயிருந்தது. ஒளிப்பானேன்? மூன்று பேருக்குமே உடம்பு விட்டுப்போயிருந்தது.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டி. இங்கே அவள் வாங்காத பதக்கம் இல்லை, அங்கே மட்டும் ஒருமுறைகூடப் போனதில்லை. இந்த முறை தேர்வுப் போட்டியில் முதலில் வருபவருக்கு இடம், அடுத்த மாதமே பயணம்.

"இதுதான் கடைசி. இது முடிஞ்சா நான் ஏழு மணி வரைக்கும் தூங்குவேன் மாமா" என்றாள்.

தேர்வுக்கு முந்தின நாள் பயிற்சியாளர் என் மனைவியைத் தனியே அழைத்து, வீடியோவை ஓட்டிக் காட்டினார்.

"பாருங்கம்மா. ஒரு கை வீச்சுக்கு முன்னாடியே தட்டிடுறீங்க. அங்கதான் நேரம் போகுது. நாளைக்குச் சரியாத் தட்டுங்க. அவங்ககிட்ட இப்ப சொல்லவேணாம், மனசு குழம்பிடும்."

அவர் சொன்னது தப்பில்லை. முதன்முதலில் தண்ணீரில் இறங்கிய அன்று சாம்பியனின் தலை சுவரில் மோதி ரத்தம் கொட்டியது. அன்றைக்குப் பிடித்த பயம் அக்காவை விடவே இல்லை. வீடியோவைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் மனைவி சும்மா இருந்த குச்சியை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், சாம்பியனும் அடுத்த தடத்துப் பெண்ணும் தோளுக்குத் தோள் வந்தார்கள். வழக்கமாகத் தட்டும் இடம் வந்தது. குச்சி இறங்கவில்லை. இன்னும் ஒரு வீச்சு வரவிட்டு, என் மனைவி கச்சிதமாகத் தட்டினாள். தட்டிய பிறகும் சாம்பியன் முழு வேகத்தில் இன்னொரு கை போட்டாள்.

முதலிடம் அவளுக்குத்தான். கூட்டம் கத்தியது. அவளோ வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரிலேயே நின்றாள்.

சுவரில் மோதி மூன்று விரல்கள் முறிந்திருந்தன. கட்டுப் போட்ட டாக்டர், "ரெண்டு மாசத்துக்குத் தண்ணி பக்கமே போகக்கூடாது" என்றார். அவளுக்குப் பதிலாக இரண்டாவதாக வந்த பெண் போவாள் என்று பயிற்சியாளர் போனில் சொன்னார்.

என் மனைவி கட்டிலருகே உட்கார்ந்தாள். "தட்டினதுக்கு அப்புறமும் ஏன்டி கை போட்ட?"

"நீ எப்பவுமே ஒரு கை முன்னாடி தட்டுவ. நான் ஒண்ணு சேத்துப் போட்டுக்குவேன். இத்தனை வருஷமா அப்படித்தானே போகுது? இன்னிக்கு ஏன் அக்கா சரியாத் தட்டின?"

"தெரிஞ்சே இருந்தியா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, இன்னும் பயந்து பயந்து தட்டுவ."

என் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குப் பயிற்சியாளர் மேல் ஆத்திரம் வந்தது. குச்சியைப் பார்த்த மனுஷன் கையைப் பார்க்கவில்லையே! கொஞ்ச நேரத்தில் அந்த ஆத்திரமும் ஓய்ந்துவிட்டது. சாம்பியன் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். "தூக்கம் வருது மாமா" என்றாள்.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினோம். தங்கை அக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். பின்னால் நான், குச்சியோடு.

படிக்கட்டு வருவதற்கு முன்பே, "படி, பாத்து" என்றாள் என் மனைவி.

சாம்பியன் நிற்கவில்லை. இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, பிறகுதான் காலை இறக்கினாள்.