ஆட்டத்துக்கு ஒரு தட்டு

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓய்வூதியப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் அவர் வாபஸ். செஸ் ஆடும்போது ஒரு காயை நகர்த்துவார், அடுத்த நொடி முகம் வெளுக்கும், "இருங்க இருங்க, வாபஸ்" என்று அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாற்பது வருஷமாக. இத்தனைக்கும் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டிய காலத்தில் ஒரு வால்வைக்கூட அவர் தப்பாகத் திருப்பியதில்லை. அந்தக் கவனத்தில் கால்வாசியைச் செஸ் பலகைக்குக் கொடுத்திருந்தால் எங்கேயோ போயிருப்பார் என்று அவர் மனைவி சொல்வதுண்டு. அவர் கொடுத்தால்தானே. அங்கே தப்புப் பண்ணினால் ஊரே தவிக்கும், இங்கே தப்புப் பண்ணினால் நான் சிரிப்பேன், அவ்வளவுதானே என்பார்.

உண்மையிலேயே சிரிப்பார். வருஷாவருஷம் நகராட்சி மண்டபத்தில் நடக்கும் போட்டிக்குப் பதினோரு தடவை போனார். மொத்தமாக ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். அதுவும் எதிராளிக்குப் பல்வலி வந்து பாதியில் எழுந்து போனதால். மற்ற எல்லாவற்றிலும் மண்ணைக் கவ்வினார். கவ்விய கையோடு எதிராளியின் கையைப் பிடித்துக் குலுக்கி, எந்த இடத்தில் கோட்டை விட்டேன் என்று ஆசையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வார். மறுவருஷம் அதே இடத்தில் கோட்டை விடுவார். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்று நடுவர் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவரை வெளியே உட்கார வைத்த கதையை அவரே எல்லோரிடமும் சொல்லுவார்.

இப்படிப்பட்டவரோடு யார் உட்கார்ந்து ஆடுவார்கள்? ஒரே ஒருவர் ஆடினார். கடைவீதி முனையில் தையல்கடை வைத்திருந்த டெய்லர். நன்றாக ஆடுவார், குறைவாகப் பேசுவார். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வாபஸ் மத்தியானம் மூன்று மணிக்கு டாணென்று கடைக்குப் போய்விடுவார். துணி வெட்டும் மேஜையில் கத்தரிக்கோலையும் அளவு நாடாவையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் பலகையை விரிப்பார்கள். கறுப்பு யானை ஒன்று என்றைக்கோ தொலைந்துபோய், அதன் இடத்தில் ஒரு பழுப்பு நூல்கண்டு நின்றது. அது யானை என்பதை வாபஸ் வாரத்துக்கு ஒரு தடவையாவது மறப்பார். நூல்கண்டுதானே என்று அசட்டையாக அதன் எதிரே போய் நின்று மிதிபடுவார்.

டெய்லர் இவருக்காகவே ஒரு சட்டம் வைத்திருந்தார். வாபஸ் மோசமாக ஆடினால், டெய்லர் விரலை மடக்கி மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார். இன்னொரு தடவை பார் என்று அர்த்தம். திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு தட்டுதான். இரண்டாவது தப்புக்கு இரக்கம் கிடையாது. ஒருமுறை வாபஸ் வேடிக்கை பார்க்கலாம் என்று வேண்டுமென்றே ராணியைக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்தார். டெய்லர் தட்டவில்லை. வெட்டவுமில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தவர், கடை மூடும்வரை இவர் பக்கம் பார்க்கவே இல்லை. வாபஸ் அதற்கப்புறம் அந்த விளையாட்டை வைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் அதை மறந்தும் போனார்.

அந்த டெய்லர்தான் ஒரு நாள் காலையில், காலர் தைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே மிஷின் மேல் சாய்ந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. இடது கை போகவில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் அதுவும் போர்வையின் மேல் சும்மா கிடந்தது.

மருத்துவமனையின் பயிற்சிப் பிரிவில் படுக்கைகள் பன்னிரண்டு. அவற்றுக்காகக் காத்திருப்பவர்கள் அதைவிட நாலு மடங்கு. அதனால் மூன்று வாரம் கெடு வைத்திருந்தார்கள். அதற்குள் நோயாளி தானே புரிந்துகொண்டு ஓர் அசைவாவது செய்ய வேண்டும். செய்தால் பயிற்சி தொடரும். இல்லாவிட்டால் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம். அது பஸ்ஸில் ஐந்து மணி நேரத் தூரத்தில் இருந்தது. அங்கே சாப்பாடு உண்டு, படுக்கை உண்டு, பயிற்சி கிடையாது. அங்கே போனவர்கள் திரும்பி வந்ததாக யாரும் சொல்லவில்லை.

பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் அம்மா நல்லவர்தான். தினமும் குனிந்து, ஐயா என் கையைப் பிடிங்க, ஐயா கண்ணை மூடித் திறங்க என்று சலிக்காமல் கேட்டார். டெய்லர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த வார்த்தைகளெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது மாதிரி அவருக்குக் கேட்டதோ என்னவோ, கை அசையவில்லை. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. டெய்லரின் மகள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள், மூன்றாவது மாடியில் ஒற்றை அறையில் இருப்பவள். அப்பாவை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, அனுப்பவும் மனசில்லை. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வண்டி வருதாம் மாமா" என்றாள் வாபஸிடம்.

திங்கட்கிழமை மூன்று மணிக்குப் பலகையையும் காய்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வாபஸ் வந்து நின்றார். அவர் திட்டம் எளிமையானது. பேச்சு புரியாவிட்டால் என்ன, செஸ்ஸுக்குப் பேச்சு எதற்கு? இவர் மோசமாக ஆட வேண்டும், டெய்லர் தட்ட வேண்டும், தெரபிஸ்ட் பார்க்க வேண்டும். மோசமாக ஆடுவது அவருக்குக் கைவந்த கலையாயிற்றே.

படுக்கைக்குக் குறுக்கே இருந்த சாப்பாட்டுப் பலகையில் காய்களை அடுக்கினார். டெய்லர் என்ன ஆடுவாரோ அதையும் யூகித்து அவர் பக்கத்துக்குத் தானே ஆடினார். பத்தாவது நகர்த்தலில் ராணியை ஒரு சிப்பாயின் வாயில் கொண்டுபோய் வைத்தார். வைத்துவிட்டு டெய்லரின் இடது கையையே பார்த்தார். கை அசையவில்லை. டெய்லரின் கண்கள் பலகையைப் பார்த்தன, பிறகு மெல்ல ஜன்னல் பக்கம் போயின. தெரபிஸ்ட் தாளில் எழுதிக்கொண்டார்: கவனம் நிலைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ராஜாவுக்குக் காவலாக இருந்த காய்களையெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கி அவரை அம்போ என்று நிறுத்தினார். கண்கள் ஜன்னலுக்குப் போயின. புதன்கிழமை குதிரையை நேர்கோட்டில் ஓட்டினார், செஸ் அரைகுறையாகத் தெரிந்த நர்ஸ்கூட அது என்ன என்று நின்று பார்த்தாள். கண்கள் ஜன்னலுக்குப் போயின. வியாழக்கிழமை தன்னுடைய யானையாலேயே தன்னுடைய குதிரையை வெட்டினார். அன்றைக்கு டெய்லர் முகத்தையே திருப்பிக்கொண்டார்.

வாபஸுக்குத் தாங்கவில்லை. டெய்லரின் இடது கையைப் பிடித்துத் தூக்கி, விரல்களை மடக்கி, கட்டிலின் இரும்புக் கம்பியில் தானே தட்டிக் காட்டினார். இப்படித்தானே தட்டுவீங்க, ஒரே ஒரு தடவை தட்டுங்க என்று கெஞ்சினார். விட்டதும் கை போர்வையில் சரிந்தது. வாபஸ் வெளியே போய், மாடிப்படியில் உட்கார்ந்து, கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதார். எழுபது வயதில் ஆஸ்பத்திரிப் படியில் அழுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வீட்டில் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். இன்னும் என்ன மடத்தனம் பாக்கி இருக்கிறது என்று வாய்விட்டு யோசித்துக்கொண்டிருந்தார். மனைவி கேட்டுக்கொண்டே துணி மடித்தாள்.

"நீங்க அவரோட ஆடுறீங்களா, இல்ல அவருக்குப் பரீட்சை வைக்கிறீங்களா?" என்றாள்.

உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்துவிட்டுக் கிளம்பினார். கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் அப்படிப் பேசியதில்லை. பஸ்ஸில் போகும்போது அதுவும் சேர்ந்து உறுத்தியது.

வார்டில் மகள் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கட்டில் காலடியில் தெரபிஸ்ட் தாள்களோடு நின்றார். மணி மூன்று. கீழே வண்டி ஏற்கெனவே வந்துவிட்டது என்றார்கள். எல்லாம் முடிந்தது என்று வாபஸுக்குத் தெரிந்துவிட்டது. பலகையை எடுத்தது இனிமேல் எதையும் நிரூபிக்க அல்ல. இது கடைசி ஆட்டம், கடையில் ஆடினது மாதிரி ஒழுங்காக ஆடிவிட்டுப் போவோம் என்றுதான் எடுத்தார்.

ஆடினார். டெய்லர் பக்கத்துக்கும் அவரே நகர்த்தினார். கொஞ்ச நேரத்தில் கட்டிலும் மருந்து வாசனையும் மறந்துபோயின. ஆட்டம் ஆட்டமல்லவா, பழைய சுகம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. முக்கால் மணி நேரம் ஆனபோது அவர் கண்ணில் அது பட்டது. இவருடைய குதிரை ஒரே தாவலில் டெய்லரின் ராஜாவையும் ராணியையும் சேர்த்துக் குறி வைக்கலாம். இத்தனை வருஷத்தில் டெய்லரின் ராணி அவருக்கு இப்படி மாட்டியதே இல்லை. உச்சி குளிர்ந்துபோயிற்று.

"மாட்டினீங்களா டெய்லர்?" என்று சிரித்துக்கொண்டே குதிரையைத் தாவ வைத்தார்.

டொக், டொக்.

கட்டில் கம்பியில் கேட்டது. மகள் மடித்த சட்டையைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள். வாபஸ் பலகையைப் பார்த்தார். குதிரை விலகிய இடைவெளியில் அவருடைய ராஜா நேராக நூல்கண்டுக்கு எதிரே வெட்டவெளியில் நின்றார். அது யானை. செஸ் விதிப்படி அப்படி ஆடவே கூடாது. மறுபடியும் மறந்துவிட்டார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நாலு நாளும் டெய்லர் ஜன்னலைப் பார்த்தது எதுவும் தெரியாமல் இல்லை. தெரிந்துதான். அன்றைக்குக் கடையில் மிஷின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே கோபம். நாலு நாளாக அந்த மனிதர் பேச முடியாமல் படுத்துக்கொண்டு, தன்னைக் கோமாளி ஆக்குகிற சிநேகிதனைப் பார்க்கப் பிடிக்காமல் இருந்திருக்கிறார்.

"இப்ப அவர் தட்டினாரா?" என்றார் தெரபிஸ்ட். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார், சத்தம் மட்டும்தான் காதில் விழுந்திருந்தது. "கை தானா இழுத்துக்கிட்டாக்கூட அப்படிச் சத்தம் வரும் சார். இன்னொரு தடவை தட்டச் சொல்லுங்க. நான் கண்ணால பார்க்கணும்."

வாபஸின் முகத்தில் ஈயாடவில்லை. "தட்ட மாட்டாரும்மா. ஒரு ஆட்டத்துக்கு ஒரு தட்டுதான்."

"இதை நான் எப்படி எழுதறது?"

புது ஆட்டம் தொடங்க நேரம் இல்லை, மணி நாலாகப் பத்து நிமிஷம். இனி வேண்டுமென்றே தப்புச் செய்தாலும் பயனில்லை, டெய்லர் ஜன்னலைப் பார்த்துவிடுவார். கையில் இருந்தது ஒரே வழிதான். குதிரையைத் திரும்ப எடுத்து வைத்தார். கன்னத்தில் கையை ஊன்றி, உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்பதுபோல் யோசித்தார். தன்னால் முடிந்த அளவுக்கு நன்றாக, உண்மையாக யோசித்தார். ராணியை அந்தப் பக்கத்துக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனால் செக். இரண்டு முறை சரிபார்த்தார். மூன்றாவது முறையும் பார்த்தார். ஒரு குறையும் தெரியவில்லை. ராணியை எடுத்து வைத்தார்.

தட்டு வரவில்லை. தெரபிஸ்ட் கடிகாரத்தைப் பார்த்தார். மகள் பையின் ஜிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டது.

டெய்லரின் இடது கை போர்வையிலிருந்து எழும்பியது. ஆடியது, தாழ்ந்தது, மறுபடி எழும்பியது. துணியிலிருந்து குண்டூசியை எடுப்பது மாதிரி இரண்டு விரலால் நூல்கண்டைப் பிடித்தது. ராணி நின்ற அதே வரிசையில், தடுமாறித் தடுமாறி, ஒவ்வொரு கட்டமாக இழுத்துக்கொண்டு போய், வாபஸின் ராணியை இடித்துத் தள்ளியது. ராணி உருண்டு போர்வையில் விழுந்தது.

வாபஸின் கை பழக்கத்தில் ராணியை நோக்கிப் போனது. இருங்க இருங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டெய்லர் ஜன்னலைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாபஸ் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். கண்ணீர் தாடையில் வழிந்து பலகையில் சொட்டியது.

"வேணாம் டெய்லர்" என்றார். "ஆடினது ஆடினதுதான்."

தெரபிஸ்ட் பழைய வரியை அடித்துவிட்டுத் தாளில் புதிதாக எழுதினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஐயா ஜெயித்துவிட்டாரா என்று கேட்டார்.

"இன்னும் இல்லம்மா" என்றார் வாபஸ், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நான் தோற்க இன்னும் ஒரு அரைமணி நேரம் ஆகும். வண்டியைப் போகச் சொல்லிடுங்க."