வெறும் சட்டிக்குள் ஒரு சைபர்

கிளிநொச்சியில் நாங்கள் இருவரும் வேலை செய்த அறை இப்போது போன் திருத்தும் கடையாகிவிட்டது. பஸ்ஸில் அந்த வழியால் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். எங்கள் மேசை இருந்த இடத்தில் போன் கவர்கள் தொங்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காக இறங்கிப் போய்ச் சண்டை பிடிக்கவா முடியும்?

மற்றவள் நாயாற்றுக் கடற்கரைக்காரி, கம்பஸில் என்னோடு படித்தவள். பிரான்சில் இருக்கும் அவளுடைய அண்ணன் அவளை அங்கே கூப்பிட எல்லா ஒழுங்கும் செய்துவிட்டிருந்தான். அவளுக்குத் துளியும் விருப்பமில்லை. இங்கே வேலை கிடைத்தால் நிற்கலாம் என்று அவளுடைய அப்பா சொல்லியிருந்தார். வேலை தரக்கூடிய ஒரு மென்பொருள் அலுவலகமோ, எங்கள் புரோகிராமைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வோம் என்றது.

பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே கட்டளை எழுத ஒரு சின்னக் கணினிமொழி; அதுதான் எங்கள் புரோகிராம். ‘நகர்(10)’ என்று எழுதினால் திரையில் ஒரு புள்ளி பத்துக் கட்டம் நகரும். நகர் என்பது மெதட். அதற்குக் கொடுக்கும் பத்து ஆர்கியூமென்ட். எழுதியதையெல்லாம் கணினி முதலில் ஒரு மரமாக அடுக்கிக்கொள்ளும், வேர் மேலே, கிளைகள் கீழே. தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருப்பதை அப்படியே ஒரே துண்டாக மரத்தில் தொங்கவிட்டோம். ‘நகர்(கூட்டு(5, 3))’ என்று எழுதியதும் அது முழி பிதுங்கி நின்றது. பிறகுதான் புத்தி வந்து, ஒவ்வொரு ஆர்கியூமென்டையும் மரத்தில் ஒரு தனிக்கணு ஆக்கினோம். கணுவுக்குள் இன்னொரு மெதட் வந்தாலும் பிரச்சினையில்லை. அவற்றையெல்லாம் தாங்க ஒரு தாய்க்கணு. அதற்கு அவள் ‘சட்டி’ என்று பெயர் வைத்தாள். மீன் குழம்பு நினைப்பிலேயே இருப்பவள் வேறென்ன வைப்பாள்?

காட்டுகிற நாள் வந்தது. முந்தின நாள் பின்னேரம், எந்த மெதட்டுக்கு எத்தனை ஆர்கியூமென்ட் வரவேண்டும் என்று எண்ணிப் பார்க்கும் பகுதி ஒன்றை நான் சேர்த்திருந்தேன். அலுவலகத்துப் பெரியவர் தானே விசைப்பலகையை இழுத்து ‘நில்()’ என்று அடித்தார். ஓடிக்கொண்டிருந்த புள்ளி நிற்கவில்லை. ‘நில் என்பதற்கு ஒன்றும் தேவையில்லை, ஒன்று வந்திருக்கிறது’ என்று திரை சொன்னது. அவளுடைய முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

பெரியவர் மரத்தைத் திறந்து பார்த்தார். நில்லின் சட்டிக்குள் ஒரு சைபர், அதுதான் பூச்சியம், இருந்தது.

“இந்தச் சைபர் எங்கயிருந்து வந்தது?”

“நான்தான் சேர் வைச்சனான்,” என்றாள் அவள். “சட்டியை வெறுமையா விட மனம் வரேல்லை.”

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் சொல்லவேண்டியதாயிற்று. எங்கள் பக்கத்தில் அயல்வீட்டுச் சட்டியை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றுமில்லாவிட்டால் இரண்டு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தை இவள் கணினிக்கும் பழக்கிவிட்டாள். முன்பு யாரும் எண்ணிப் பார்க்காததால் சைபர் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது.

அவர் சிரித்தார். “பிள்ளை, இது அயலட்டைச் சனம் இல்லை. வெறுஞ்சட்டி குடுத்தாலும் கோவிக்காது. சட்டி இருக்கட்டும், உள்ளுக்கு ஒண்டும் போடாதேங்கோ. இப்பவே திருத்துவீங்களோ?”

“ஓம் சேர்.”

ஒரு வரியை அழிக்க அவள் எவ்வளவு நேரம் எடுத்தாள்! மறுபடி அடித்தபோது புள்ளி நின்றது. “திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்கோ,” என்றார் பெரியவர்.

வெளியே வந்ததும் அவள் அப்பாவுக்குப் போன் எடுத்தாள். நாயாற்றுக் கடற்காற்றில் அவருக்குச் சரியாகக் கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டுக் கத்தினாள்.

“அப்பா, வேலை கிடைச்சிட்டுது. நான் பிரான்சுக்குப் போகேல்லை.”

“சரி,” என்று மட்டும் சொன்னார் அப்பா. அவளுக்குப் பயம் பிடித்துவிட்டது.

“அப்பா, கோவமோ?”

“இல்லை பிள்ளை,” என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது. “அம்மாட்டை நீயே சொல்லு. நான் சொல்லப்போனா அழுதிடுவன்.”