பாண்டியம்மாளுக்கு மாத்தாள்

காலை ஐந்தரை. திண்டுக்கல் நாகல் நகரில் ஆட்டோ பிடித்தேன். செம்பட்டி தாண்டி, கன்னிவாடிப் பக்கம் ஒரு மல்லிகைக்கார ஊர். போக வர ஆயிரத்து இருநூறு என்றார் ஓட்டுநர் சேவியர். பேரம் பேசித் தோற்றேன்.

எந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்ன தேவை என்று பார்த்து எழுதுவது என் வேலை. இந்த ஊர்க்காரர்கள் சாயங்காலமும் டாக்டர் வேண்டுமென்று மனு கொடுத்திருந்தார்கள். பதிவிலோ எல்லோருக்கும் பிரஷர் கட்டுக்குள் இருந்தது. இதற்கு மேல் என்ன கேட்கிறார்கள்? தேவையில்லை என்று எழுதிவிட்டு மத்தியானமே சென்னைக்கு பஸ் ஏறிவிடலாம் என்றிருந்தேன்.

ஆறரை மணி. தோட்டத்தில் பெண்கள் மொட்டுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறுமுன் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியாக வேண்டும். காலையிலிருந்து தலை கனக்கிறது என்று வரப்பில் உட்கார்ந்திருந்தார் பாண்டியம்மாள். ஐம்பது வயதிருக்கும். பையிலிருந்த கருவியை அவர் கையில் சுற்றினேன்.

இருநூற்று இருபது! கருவிதான் பழுதோ என்று மறுபடி பார்த்தேன். அதேதான். மாத்திரையைத் தவறாமல் போடுகிறாராம். என்னிடமிருந்த பதிவில் அவருக்குப் போன மாதம் நூற்று முப்பது என்றிருந்ததே, யார் பார்த்தது என்று கேட்டேன்.

"நான் எங்கம்மா போனேன்? காலைல பூவ விட்டுட்டுப் போக முடியுமா? முத்துலட்சுமிதான் என் அட்டையக் கொண்டுபோயி, என் பேருக்குக் கைய நீட்டிட்டு வருவா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பறிப்புக்கு வர முடியாதவர் தனக்குப் பதில் ஒருத்தியை அனுப்புவது இங்கே வழக்கம், மாத்தாள் என்பார்கள். ஆஸ்பத்திரிக்கும் அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். அன்றைக்கு யாருக்குப் பறிப்பு இல்லையோ அவர் போவார். இவர் மட்டுமல்ல, அந்தத் தெருவே அப்படித்தான்.

பக்கத்து வரிசையில் நின்ற முத்துலட்சுமிக்கு என் பதற்றம் புரியவில்லை. "ஒரே காடு, ஒரே வெயிலு, ஒரே சோறு, ஒரே வெஞ்சனம். பிரஷர் மட்டும் வேறயாவா இருக்கப்போவுது?" என்றார். அழுத்தம் நன்றாக இறங்கிவிட்டதென்று போன மாதம் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்களாம். நல்ல சேதியாகத்தான் அதைச் சொன்னார். அடப்பாவமே! குறைவாக இருந்தது முத்துலட்சுமியின் அழுத்தம். மாத்திரை குறைந்தது பாண்டியம்மாளுக்கு.

உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன். செத்த நேரம் பொறுங்கள், மொட்டு விரிந்துவிடும் என்று பாண்டியம்மாள் முரண்டு பிடித்தார். எனக்கு வந்த கோபத்தில் கத்தியே விட்டேன். எழுந்தவருக்கு வலது கால் இழுத்தது. அதைப் பார்த்ததும் முத்துலட்சுமி மடியிலிருந்த பூவை அப்படியே கொட்டிவிட்டு ஓடிவந்து அவரைத் தாங்கினார். சேவியர் திண்டுக்கல் வரை எங்கும் நிறுத்தவில்லை.

எட்டு மணி. பெரியாஸ்பத்திரியில் இருவரும் ஒரே பெஞ்சில் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தேவையில்லை என்று நான் எழுத இருந்த காகிதம் பையில் கிடந்தது. சென்னையில் உட்கார்ந்து நான் பார்த்த நல்ல எண்களெல்லாம் யார் யார் கையோ?

"பாண்டியம்மாள்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

பழக்கத்தில் முத்துலட்சுமி எழுந்துவிட்டார்.