மூன்று மச்சினிகளுக்கு ஒரே படம்

புட்டி மூடி செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. ஆயிரம் மூடியில் மூன்று கோணியிருந்தால் மொத்தப் பெட்டியையும் திருப்பி அனுப்பிவிடுவேன். மெஷின்காரர்கள் எனக்கு ‘ரிஜெக்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை ஏதோ பட்டம் கொடுத்ததுபோலச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குளியலறை ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை அடைத்து, சிவப்பு விளக்கு போட்டு, பிலிமிலிருந்து படம் போடுவேன். அதிலும் லித் பிரின்ட் என்ற வகையில்தான் பித்து. காகிதத்துக்கு வழக்கத்தைவிடப் பல மடங்கு வெளிச்சம் காட்டி, ஏகப்பட்ட தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்த லித் டெவலப்பர் என்ற ரசாயனக் கரைசலில் போட வேண்டும். ஏழெட்டு நிமிடம் பேருக்கு ஏதோ தெரியும். திடீரென ஓரிடத்தில் கறுப்பு பிடிக்கும். பிடித்த கறுப்பு பக்கத்து இடத்தையும் பற்றவைக்கும். சரியான நொடியில் உருவினால் மற்ற இடமெல்லாம் இளஞ்சிவப்பாக ஒளிரும். கொஞ்சம் அசந்தால் கரி.

என் மனைவியும் அவளுடைய அக்கா தங்கைகளும் நாலு பேராகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த படம் ஒன்று அப்படி அருமையாக அமைந்தது. கூடத்தில் மாட்டினேன். அவர்களில் மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுபவர், பார்த்துவிட்டு, “எங்க மூணு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி. ஆனா எல்லாம் இதே மாதிரி இருக்கணும். ஒருத்திக்கு நல்லதும் ஒருத்திக்குச் சுமாரும் போச்சுன்னா வம்பு” என்றார்.

“ஒரே மாதிரி செய்றதுதானே அண்ணி என் பொழப்பே” என்றேன். வாய்க்கொழுப்பு.

டிரேயைத் தேய்த்துக் கழுவி, புது டெவலப்பர் கலந்து, கடிகாரத்தைப் பார்த்து மூன்றையும் ஒன்பது ஒன்பது நிமிடத்தில் எடுத்தேன். முதல் படம் சாம்பல் பூத்துக் கறுத்துப்போனது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் கறுப்பே வரவில்லை. அதற்குள் டெவலப்பர் களைத்துவிட்டிருந்தது. ‘ஒவ்வொன்றும் தனி அழகு’ என்று நாக்கூசாமல் சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

மறுநாளே போன் வந்தது. “எனக்கு மட்டும் ஏன் தம்பி மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு?” என்றார் அண்ணி. கடைக்குட்டி, “மாமா, எங்களை அடுப்புக்குள்ளயா உக்கார வச்சீங்க?” என்று கேட்டாள்.

நான் என்ன செய்தேன்? தெர்மாமீட்டர் வாங்கினேன். ஸ்டாப்வாட்ச் வாங்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் பழையதைக் கொட்டச் சொல்லி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் புதிதாகக் கலந்தேன். இரண்டு ஞாயிறு, பதினோரு காகிதம். எல்லாம் ஒரே மாதிரி வந்தன, ஒரே மாதிரி கேவலமாக. கூடத்துப் படத்தின் நிறம் ஒன்றில்கூட இல்லை.

மூன்றாவது ஞாயிறு அண்ணியே மேற்பார்வைக்கு வந்து, குளியலறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் டிரேயைக் கழுவப்போகும்போது மனைவி கதவைத் தட்டினாள்.

“நீங்க கொட்டச் சொன்ன பழசெல்லாம் பாட்டில்ல இருக்கு. குழாய்ல விட பயமா இருந்துச்சு. என்ன பண்றது?”

பால் விடாத டீ நிறத்தில் மூன்று பாட்டில். பழுப்பேறிய டெவலப்பரைப் புதியதோடு சேர்த்தால்தான் நிறம் நிதானப்படும் என்று எப்போதோ படித்திருந்தேன். கழிவை நல்ல சரக்கில் கலப்பதா என்று அந்தப் பக்கத்தையும் ரிஜெக்ட் செய்திருந்தேன்! கூடத்துப் படம்கூட, அன்று அதே டிரேயில் நாலு படம் போட்ட பிறகு ஐந்தாவதாக வந்ததுதான்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணி, “தயிருக்கு உறை ஊத்துறதில்லயா? அதுக்கென்ன இவ்வளவு யோசனை?” என்றார்.

பெரிய டிரேயில் நிறையக் கலந்து, பழசில் இரண்டு டம்ளர் ஊற்றினேன். சூடு ஆறாமல் இருக்க டிரேயை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தினேன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஒரு டம்ளர் எடுத்துவிட்டு ஒரு டம்ளர் புதுசு விட்டேன். ஸ்டாப்வாட்ச்சை அண்ணி பிடுங்கி வைத்துக்கொண்டார். ஈரத்தில் நிறம் வேறாகத் தெரியும் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்கக் கூடத்துப் படத்தையும் தண்ணீரில் நனைத்துப் பக்கத்தில் வைத்தோம்.

“படிக்கட்டுக்குக் கீழ இருக்குற இருட்டு அதே அளவு வந்துடுச்சு. எடுங்க!”

“இன்னும் ஒரு அரை...”

“எடுங்கன்னா எடுங்க தம்பி!”

எடுத்தேன். முதல் படத்துக்குப் பத்து நிமிடம், அடுத்ததற்குப் பதிமூன்று, கடைசிக்குப் பதினேழு ஆனதாக அண்ணி சொன்னார். என் நோட்டுப் புத்தகத்தில் அதைவிட அசிங்கமான பக்கம் கிடையாது. படங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவைபோல இருந்தன. காய்ந்ததும் மூன்றாவதில் ஒரு சிட்டிகை சிவப்பு கூடுதலாகத் தெரிந்தது. சொல்ல வாயெடுத்தேன், மனைவி காலை மிதித்தாள்.

வாங்கிப்போக வந்த கடைக்குட்டியின் கணவர், மூன்றையும் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். என் நெஞ்சு நிமிர்ந்துகொண்டே போனது.

“அச்சு அசலா ஒண்ணு போலவே இருக்கே அண்ணே” என்றார். “எந்தக் கடையில குடுத்தீங்க?”