ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும்

கம்ப்யூட்டரில் நானும் மகளும் செஸ் ஆடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் மெதுவாகச் சொன்னாள். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, மறுநாளே கிளம்ப வேண்டுமாம்.

"ஏன், நம்ம சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனியே இல்லையா?" என்று கத்திவிட்டு எழுந்தேன். அவள் பஸ் ஏறும்வரை முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டேன். இடிக்குப் பயந்து, அணைத்த டிவியின் ப்ளக்கைக்கூடப் பிடுங்குகிறவன் நான்.

ஒரு வாரம் கழித்து, வீட்டின் அமைதி தாங்காமல் ப்ளக்கை மாட்டி கம்ப்யூட்டரைப் போட்டேன். திரையில் அதே ஆட்டம், விட்ட இடத்திலேயே நின்றது. அடுத்து ஆட வேண்டியது நான்.

அவளுக்கு போன் செய்தேன்.

"ப்ளக்கையே புடுங்கிட்டேனேம்மா, எப்படி அழியாம கீது?"

"ஸ்லீப்ல உட்டிருந்தா அழிஞ்சிருக்கும் நைனா. நீ புடுங்குவன்னு தெரியும். அதான் ஹைபர்னேட்ல போட்டுட்டு வந்தேன், கரண்ட்டே இல்லன்னாலும் உட்ட எடம் டிஸ்க்குல பத்திரமா இருக்கும். இன்னும் ஆடாம என்னா பண்ணிக்கினு கீற?"

பேசாத அப்பனுக்காக, கிளம்பும் அவசரத்திலும் ஆட்டத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறாள். அவள் போனதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தவன் நான்தான். போனை வைக்காமலே குதிரையை நகர்த்தி, எந்தக் கட்டம் என்று அவளுக்குச் சொன்னேன்.