கடலுக்குப் போகும் முன் ஒரு மாடு பாக்கி

ட்ரூடி ஹாக்ஸ்டாட் எப்படிப்பட்டவள் என்று யாராவது கேட்டால், பிடிவாதக்காரி என்றுதான் முதலில் சொல்வேன். மாண்டானாவில் எமெட்டின் மாட்டுப் பண்ணையில் அவளும் நானும் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறோம். வேலி அடைத்து, ஈன முடியாத மாட்டுக்குக் கன்று இழுத்து, குதிரையிலிருந்து இரண்டு தடவை விழுந்து, இதற்கு நடுவில் டவுன் காலேஜில் படித்து, முப்பத்தாறு வயதில் டீச்சர் பட்டம் வாங்கிவிட்டாள். நானும் அதே காலேஜில் சேர்ந்தேன். ஒரு வாரம் போனேன்.

பட்டமளிப்பு விழாவுக்கு அவள் போகவில்லை. அன்று காலை தலையீற்றுக் கிடேரி ஒன்றுக்கு வயிற்றில் கன்று குறுக்கே கிடந்தது. அதனால் மிச்சம் இருந்தது சுற்றுலா மட்டும்தான். கூடப் படித்தவர்கள் ஒன்பது பேரும் வேன் வைத்து ஆரிகன் கடற்கரைக்குப் போவதாக ஏற்பாடு. ட்ரூடி கடலைப் பார்த்ததே இல்லை. ஏப்ரலிலிருந்து அதே பேச்சு. குதிரைக்கு லாடம் பார்க்கும்போதும் அலை எத்தனை அடி உயரம் வரும் என்று என்னைத்தான் கேட்பாள், நான் ஏதோ கப்பலில் பிறந்தவன் மாதிரி.

போகிற நாளும் எங்கள் வேலையும் ஒன்றாக வந்து விழுந்தன. வியாழக்கிழமை காலையில்தான் நூற்று நாற்பது தாய் மாடுகளையும் அவற்றின் கன்றுகளையும் எட்டு மைல் தள்ளியிருக்கும் கோடை மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும். வேன் அந்த மேய்ச்சல் கேட் வழியாகத்தான் போகும். ஒரு மணிக்கு வந்து ஏற்றிக்கொள்வார்கள். பையைக் கொண்டுபோய் கேட் தூணில் முதல் நாளே மாட்டிவிட்டாள்.

ஓட்டிச் சேர்ப்பது பெரிய வேலை இல்லை. சேர்த்த பிறகுதான் இருக்கிறது. நடையில் தாய் முன்னால் போய்விடும், கன்று பின்னால் தங்கிவிடும். புது இடத்தில் ஒவ்வொரு கன்றும் தன் தாயைக் கண்டுபிடித்துப் பால் குடிக்கும் வரை நாங்கள் சுற்றி நிற்க வேண்டும். குடிக்காத கன்று, கடைசியாகக் குடித்த இடத்தைத் தேடி எட்டு மைலும் திரும்பி ஓடும். போன வருடம் நான் சேணத்திலேயே கண்ணயர்ந்து பதினொரு கன்றுகளை அப்படி ஓடவிட்டேன். எமெட் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பன்னிரண்டரைக்கு எல்லாம் சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. காதில் எண்பத்து மூன்று என்ற மஞ்சள் வில்லை மாட்டிய கன்று வேலியோரம் கத்திக்கொண்டே நின்றது. அதே எண் மாட்டிய தாயைக் காணோம். எமெட் கேட்டைத் திறந்துபோட்டு வந்த வழியே தேடப் போனார். ஆளும் திரும்பவில்லை, மாடும் வரவில்லை.

"நீ கிளம்பு. கன்ன நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"எப்படி, போன வருஷம் பாத்த மாதிரியா?"

"ஏய், சும்மா அதையே சொல்லாத. முழிச்சுத்தான் இருக்கேன்."

"முழிச்சிருந்து என்ன பண்ணுவ? மந்தையத் தடுப்பியா, இதத் துரத்துவியா? ரெண்டு ஆள் வேலை ராய்ஸ், இது."

"அப்ப கடல்?"

கன்று திறந்திருந்த கேட்டைப் பார்த்து நகர்ந்தது. ட்ரூடி குதிரையைக் குறுக்கே விட்டு மறித்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

ஒன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேன் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. கண்ணாடியெல்லாம் பட்டம் வாங்கியதற்குச் சாயத்தில் வாழ்த்து, உள்ளே ஒரே கூச்சல். ட்ரூடியைப் பார்த்த உற்சாகத்தில் ஓட்டிவந்த பையன் ஹாரனை அமுக்கினான். நீளமாக, மூன்று தடவை.

பாவி, அவனுக்கு என்ன தெரியும்? குளிர்காலம் முழுக்க எங்கள் தீவன வண்டி ஹாரன் அடித்துத்தான் மாடுகளைக் கூப்பிடும். ஜூன் மாதமானால் என்ன, ஹாரன் என்றால் சாப்பாடு! நூற்று முப்பத்தொன்பது மாடுகளும் தலையைத் தூக்கின. அடுத்த நொடி, கன்றுகளை அப்படியே விட்டுவிட்டு கேட் வழியாக ரோட்டுக்குப் பாய்ந்தன. வேனைச் சுற்றி வளைத்துக் கண்ணாடியை நக்க ஆரம்பித்தன. உள்ளே ஒருத்தி வீல் என்று கத்தினாள்.

"நிறுத்துடா மடையா!" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன்.

"நிறுத்தாத!" என்று ட்ரூடி என்னைவிட உரக்கக் கத்தினாள். "அடி! ஹாரன விடாம அடி!"

இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று திரும்பினேன். அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஓடையைக் கை காட்டினாள். ஹாரன் மறுபடி அலறியது. வில்லோப் புதருக்குள்ளிருந்து ஒரு மாடு பதிலுக்குக் கத்தியது. கிளைகளை முறித்துக்கொண்டு, நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் வயிறெல்லாம் சேறுமாக, பால் கட்டிய மடி ஆட ஆட வந்தது எண்பத்து மூன்று. காலையெல்லாம் நிழலில் சுகமாக நின்றிருக்கிறாள், மகராசி!

கன்றின் குரல் கேட்டதும் தீவனத்தை மறந்தாள். கேட்டுக்குள் நுழைந்து மோந்து பார்த்தாள். கன்று மடியில் முட்டியது, வால் ஆடியது.

"குடிக்குது" என்றாள் ட்ரூடி.

"தெரியுது. இறங்கு."

"மாடெல்லாம் ரோட்டுல நிக்குதே ராய்ஸ்."

"கன்னெல்லாம் உள்ள கத்துது. தீவனம் இல்லன்னு தெரிஞ்சதும் தானா வரும். இந்த இடத்துலதான பால் குடுத்துச்சுங்க, எங்க போயிடும்? எனக்கே வேலை சொல்லிக் குடுக்காம கிளம்பு தாயே!"

வேன் கதவு திறந்தது. "ட்ரூடி! ட்ரூடி!" என்று ஒன்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். அவள் இறங்கி, கடிவாளத்தை என் கையில் திணித்து, பையைப் பிடுங்கிக்கொண்டு, சாணி அப்பிய பூட்ஸோடு மாடுகளை இடித்துத் தள்ளி ஓடினாள். தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. பதினோரு வருடத்தில் எத்தனையோ தடவை அவள் ஓடிப் பார்த்திருக்கிறேன், எல்லாம் ஏதாவது ஒரு மாட்டின் பின்னால்.