தரைக்குக் கீழே லீமன்

வீட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் சின்ன மரக்கதவைக் குறடால் மூன்று தட்டுத் தட்டுவார் லீமன் கிரேடி. "வர்றேன். பாம்பு இருந்தா ஒதுங்கிக்கோ. பாம்பைவிட மோசமா ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு." பிறகு தொப்பியைப் பின்புறமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முழங்கையை ஊன்றி, வீட்டுக்கு அடியில் நுழைவார்.

அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் அவர் வேலை பார்க்கும் வட்டாரத்தில் பழைய வீடுகளெல்லாம் குட்டையான செங்கல் தூண்கள்மேல் நிற்கின்றன. மரப்பலகைத் தரைக்கும் கீழே மண்ணுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி. தண்ணீர்க் குழாய், கரண்டுக் கம்பி எல்லாம் அதற்குள்தான் ஓடுகின்றன. அந்த இடைவெளியைப் பெருக்கி, பூஞ்சையைச் சுரண்டி, மண்மேல் பிளாஸ்டிக் விரித்து, ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் முப்பத்தோரு வருஷமாக அவருடைய பிழைப்பு. சாமான்களை ஒரு பிளாஸ்டிக் தாம்பாளத்தில் வைத்துக் கணுக்காலில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவார்.

உள்ளே அவர் கண்டெடுத்தவை: காய்ந்த கிறிஸ்துமஸ் மரங்கள், பாதி காலியான பெயின்ட் டப்பாக்கள், ஒரு முறை ஒரு கல்யாண ஆல்பம். "வெளிய தெரியலைன்னா அது இல்லைன்னே முடிவு பண்ணிடறானுங்க" என்று அலுத்துக்கொள்வார். மட்கிய மரத்தைப் போனில் படம் பிடித்து வந்து வீட்டுக்காரர்களிடம் காட்டுவார். அவர்கள் மூக்கைச் சுளித்துவிட்டு, சமையலறைக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அவரிடமே கேட்பார்கள்.

யார் வீட்டுக்குப் போனாலும் குதிகாலால் தரையை அழுத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு உண்டு. மைத்துனி மகள் கல்யாணத்தில் ஆட்டத்துக்கு நடுவே ஒரே இடத்தில் நாலு முறை குதித்தார். "இது ஆட்டமில்ல, சோதனை" என்று அவர் மனைவி டெனீஸ் எல்லோரிடமும் விளக்க வேண்டியிருந்தது.

ஆனால் ஆர்லீத்தா பூன் அளவுக்கு அவரைச் சோதித்தவர் யாருமில்லை. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்து நாலு வயது, தனிக்கட்டை. லீமன் மூடிவிட்டுப் போகிற அந்த அடிக்கதவைப் பூனைக்குக் காற்று வேண்டும் என்று திறந்து வைப்பார். குளியல் தொட்டிக் குழாய் ஒழுகுகிறது, ஆளைக் கூப்பிடுங்கள் என்று லீமன் மூன்று முறை சொன்னதற்கு, மூன்று துண்டுகளை மடித்துக் குழாயடியில் வைத்தார்.

போன வாரம் வியாழக்கிழமை மத்தியானம் லீமன் அங்கே போனார். "ஆர்லீத்தாம்மா, ஒரு மணி நேரம் தண்ணியைத் தொடாதீங்க."

"சரி தம்பி, நான் ஏன் தொடறேன்?"

தவழ்ந்துபோய்த் தொட்டிக்கு நேர் கீழே மல்லாந்து படுத்தார். மேலே இருப்பது வார்ப்பிரும்புத் தொட்டி. அதைத் தாங்கும் மரச்சட்டத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். கேக்கில் இறங்குவதுபோல் கைப்பிடி வரை இறங்கியது. பக்கத்துச் சட்டமும் அப்படியே.

அந்த நேரம் பார்த்து மேலே குழாய் திறந்தது.

"ஆர்லீத்தாம்மா! நிறுத்துங்க! தொட்டில ஏறாதீங்க!"

"என்ன தம்பி? தண்ணி ஓடுது, ஒண்ணும் கேக்கல!"

"அதைத்தான் நிறுத்தச் சொல்றேன்!" சுத்தியலால் தரையைத் தட்டினார். மேலே ஆர்லீத்தாவும் பதிலுக்குக் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார், நட்பாக.

வெளியே போக நாற்பதடி தவழ வேண்டும். போன் வண்டியில் கிடந்தது. சட்டம் ஒருமுறை முனகியது. லீமன் தாம்பாளத்தைக் காலால் இழுத்தார். இரண்டு சட்டங்களுக்கும் அடியில் குறுக்கே ஒரு தடித்த கட்டையைக் கொடுத்து, மண்ணில் பலகை போட்டு, அதன்மேல் ஜாக்கியை நிறுத்தி, கைப்பிடியை அடித்து ஏற்ற ஆரம்பித்தார். கட்டை சட்டத்தைத் தொட்ட மறுகணம் ஆர்லீத்தா தொட்டியில் இறங்கினார். தரை ஒரு விரற்கடை தாழ்ந்து, ஜாக்கியில் உட்கார்ந்து நின்றது.

ஈரமண்ணாயிற்றே. பலகை மெல்லப் புதைந்தது. புதையப் புதைய அவர் ஜாக்கியை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. விட்டுவிட்டு நகர முடியாது. இருபத்தைந்து நிமிஷம். மேலே ஆர்லீத்தா சர்ச் பாட்டு ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை பாடினார். பிறகு சோப்பைத் தேடினார். பிறகு இரண்டாவது பாட்டு. "இதுக்கு எத்தனை சரணம்டா சாமி!" என்று லீமன் தரையைப் பார்த்துக் கத்தினார். மனைவியின் முகம் ஒருமுறை வந்து போனது.

கடைசியில் ஆர்லீத்தா தொட்டியிலிருந்து எழுந்தார், அடைப்பானை எடுத்தார். சோப்புத் தண்ணீரில் பாதி குழாயில் போயிற்று. மீதி லீமனின் முகத்தில் விழுந்தது.

சேறு சொட்டச் சொட்ட அவர் வாசலில் வந்து நின்றபோது, பவுடர் வாசனையோடு கதவைத் திறந்தார் ஆர்லீத்தா. "என்ன தம்பி அப்படி ஒரு சத்தம்? நிம்மதியாக் குளிக்கக்கூட விடலை நீ."

"தண்ணியைத் தொட மாட்டேன்னு சொன்னீங்களே?"

"நீ சமையக்கட்டுத் தண்ணியைச் சொன்னேன்னு நெனைச்சேன்."

"அம்மா, அந்தத் தொட்டி உங்களோட சேந்து என் நெஞ்சு மேல விழுந்திருக்கும்."

ஆர்லீத்தா யோசித்தார். "விழலையே?"

எந்த வீட்டுக்குள்ளும் பூட்ஸோடு நுழையாத லீமன், மெழுகித் துடைத்த கூடத்தில் சேற்றுத் தடம் பதிய நேரே குளியலறைக்கு நடந்தார். "தம்பி, தரை! என் தரை!" என்று ஆர்லீத்தா பின்னாலேயே ஓடினார். தொட்டியருகே மண்டியிட்டு, குழாயின் இரண்டு திருகுபிடிகளையும் கழற்றி, சட்டைப்பையில் போட்டு, பைக்குப் பித்தானும் மாட்டினார் லீமன்.